எதிரில் இருப்பவருக்கு முகம் கொடுக்க

ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கத்தைக் குறைக்க நினைப்பவர், முதலில் வாட்ஸ்அப் குழுக்களின் அறிவிப்பை 8 மணி நேரத்துக்கோ ஒரு வாரத்துக்கோ ஒலியின்றி வைக்கலாம். தனியுரிமை அமைப்பில் நீல நிற டிக் குறியை நிறுத்திவிட்டால், படித்தவுடன் பதில் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி பெருமளவு தணியும் (குழுக்களில் மட்டும் அது நிற்காது, பிறர் படித்தார்களா என்பதும் நமக்குத் தெரியாது).

ஒருவரோடு அமர்ந்து பேசும்போது கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. கண்ணில் படும் வரை கை அதை நோக்கி நீளும் என்பதால், பைக்குள்ளோ அடுத்த அறையிலோ வைப்பதே நல்லது. அவசர அழைப்பு வரக்கூடுமானால், அதை எதிரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சு சற்று ஓயும் அந்தச் சில நொடிகளில்தான் கட்டைவிரல் பரபரக்கும். அப்போது அவர் கடைசியாகச் சொன்னதைப் பற்றியே ஒரு கேள்வி கேளுங்கள்.