மே தினக் கூட்டத்தில் தி வித்தோரியோவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது எப்படி?

மே தினத்துக்கு வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் சிங்காரவேலரைப் பற்றியும் திரு.வி.க.வைப் பற்றியும் பேச ஆள் நிறையவே உண்டு. வெளிநாட்டுத் தலைவர் என்றதும்தான் பலரும் மைக்கை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள். உங்கள் கைக்கு அது வந்தால் தயங்காமல் இத்தாலியின் தொழிற்சங்கத் தலைவர் ஜுசெப்பே தி வித்தோரியோவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதவிகளை வைத்து ஆரம்பிக்காதீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கத் தலைவர் என்று அடுக்கிக்கொண்டே போனால் இரண்டாவது நிமிடத்திலேயே கூட்டம் டீக்கடைக்கு நகர்ந்துவிடும். சின்னப் பையனிலிருந்து தொடங்குங்கள். 1892-இல் தெற்கு இத்தாலியின் செரிஞோலாவில் ஒரு பண்ணைக் கூலியின் வீட்டில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துபோக, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்கினார். படிப்பு நின்றாலும் படிக்கும் ஆசை நிற்கவில்லை. அர்த்தம் தெரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எப்படியோ ஒரு பழைய அகராதியை வாங்கித் தேடித் தேடிப் படித்தார் என்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். எட்டாவதோடு நின்று லேத் பட்டறைக்கோ ஹார்பருக்கோ போனவர்கள் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது கிறிஸ்துமஸ் பரிசு. என்னைக் கேட்டால் மொத்தப் பேச்சில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். 1920 டிசம்பர் 24. ஊரின் பெரிய நிலக்கிழார் பண்ணையிலிருந்து, அங்கே நிர்வாகியாக இருந்தவர் தி வித்தோரியோ வீட்டுக்குத் தின்பண்டங்கள் அனுப்புகிறார். வீட்டில் வறுமை, மறுநாள் பண்டிகை. அவர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுகிறார்: நான் நேர்மையானவன் என்று என் மனதுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அது வெளியிலும் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அனுப்பியவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. தீபாவளிக்கு முதலாளி தரப்பிலிருந்து சங்கத் தலைவர் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் போனால் தெருவில் என்ன பேச்சு வரும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அதனால் நீங்களாகக் கருத்து எதுவும் சேர்க்காமல் நடந்ததை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் 1921. அந்த வருடம் அவர் சிறையில் இருந்தபடியே சோஷலிஸ்ட் வேட்பாளராக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே வருடம்தான் இங்கே நம் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) நெசவு மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அது சாதியால் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் வரப்போகும் ஒற்றுமைப் பேச்சுக்கு அது தேவைப்படும்.

முசோலினி காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1924-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தது, பிரான்சில் தலைமறைவு வாழ்க்கை, ஸ்பெயின் உள்நாட்டுப் போர், 1941-இல் பாரிஸில் கைதாகி வென்தொதேனே தீவில் அடைபட்டது, 1943-இல் விடுதலை. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

1944-க்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் என மூன்று தரப்பும் ஜூன் மாதம் ரோமில் கையெழுத்திட்டு ஒரே தொழிற்சங்கக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். சோஷலிஸ்ட் தலைவர் புரூனோ புவோஸியை அதே ஜூன் மாதத்தில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஒற்றுமை சில வருடங்களிலேயே உடைந்தது, கிறிஸ்தவத் தரப்பு 1948-இல் விலகியது. தி வித்தோரியோ ஓய்ந்துவிடவில்லை. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க வீடு கட்டு, மின்சாரம் கொண்டுவா, தரிசைத் திருத்து என்று 1949-இல் சங்கத்தின் பெயரால் ஒரு திட்டத்தையே முன்வைத்தார். சம்பள உயர்வு மட்டுமே சங்கத்தின் வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1956-ஐ விட்டுவிடாதீர்கள், கட்சிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தாலும் சரி. ஹங்கேரியில் சோவியத் படை தலையிட்டபோது கட்சித் தலைமை அதை ஆதரித்தது. அவருடைய சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது, அவர் அதன் பின்னால் நின்றார். கட்சிக்குள் கடும் நெருக்கடி வந்தது. அடுத்த வருடம், 1957 நவம்பர் 3 அன்று, லெக்கோ நகரில் தொழிலாளர்களைச் சந்தித்த நாளிலேயே இறந்துபோனார்.

அங்கேயே நிறுத்திவிட்டு, மில்லில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் மைக்கை அவரிடம் கொடுங்கள். அவருக்கு உட்கார நாற்காலி போட முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.