இதில் முன்பு என்ன இருந்தது? காலி டப்பாக்களை அவசரகாலத்துக்குத் தயார்படுத்தும் முறை

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காலி பாட்டிலோ டப்பாவோ கையில் கிடைத்தால் உடனே தூக்கிப் போட மாட்டேன். உடனே எடுத்து வைக்கவும் மாட்டேன். இதில் முன்பு என்ன இருந்தது என்று முதலில் பார்ப்பேன். வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ, நாள்கணக்கில் நீளும் மின்வெட்டோ, எது வந்தாலும் தேவைப்படும் பாத்திரங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கின்றன. எது எதற்கு உதவும், எது எதற்கு ஆகவே ஆகாது என்று பிரித்து வைப்பதுதான் வேலை.

குடிநீரிலிருந்து தொடங்குவோம். மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி குடிக்க, மீதி சமைக்கவும் கை, வாய் கழுவவும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 2 லிட்டர் பாட்டில்கள் 24. இது குறைந்தபட்சக் கணக்கு. நோயாளியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஏற்றவை சோடா, குளிர்பானம், குடிநீர் வந்த பிளாஸ்டிக் பாட்டில்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கிறது. உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. அதனால் எண்ணை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். பால் வந்த பிளாஸ்டிக் பாட்டிலும், பழச்சாறு வந்ததும் குடிநீர் சேமிக்க வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் பாலின் புரதமும் பழத்தின் சர்க்கரையும் சுவரில் கொஞ்சம் தங்கிவிடும். மூடி வைத்த நீரில் கிருமி வளர அது போதும். எண்ணெய் வந்தவற்றில் வாடை போகாது. கண்ணாடிப் பாட்டில் சுத்தமாக இருக்கும், ஆனால் நில அதிர்விலோ இருட்டில் கை தட்டியோ விழுந்தால் தண்ணீரும் போய், தரையெங்கும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும்.

கழுவும் முறை இது. சோப்பு நீரில் பாட்டிலையும் மூடியையும் நன்றாகக் கழுவுங்கள். மூடியின் புரிகளுக்குள் பழைய பல் துலக்கியைவிட்டுத் தேயுங்கள். அழுக்கு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத ப்ளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) கலந்து, பாட்டிலில் ஊற்றி மூடி, உள்சுவர் முழுக்க நனையும்படி அரை நிமிடம் குலுக்குங்கள். கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதன்பின் விளிம்புவரை நீர் நிரப்பி இறுக்கி மூடுங்கள். மூடியின் உட்புறத்தை விரலால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயில் வருவது குளோரின் கலந்து சுத்திகரித்த நீர் என்றால் அப்படியே நிரப்பலாம். இல்லையென்றால், தெளிந்த நீரில் லிட்டருக்கு 2 சொட்டு ப்ளீச் விட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் சொல்வது 5, 6 சதவீதச் செறிவுள்ள சாதாரண வீட்டு ப்ளீச். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அரை மணிக்குப் பிறகு நீரில் இலேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவை இன்னொரு முறை விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். நாள்பட்ட ப்ளீச் வீரியம் இழந்துவிடும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் அழியாத மையில் ‘குடிநீர்’ என்று எழுதி, நிரப்பிய தேதியையும் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பெட்ரோல், பூச்சிமருந்து இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவி நீருக்குள் போகும்.

20 லிட்டர் கேன் ஒன்று போதுமே, இத்தனை சிறு பாட்டில்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நிரம்பிய கேனை எழுபது வயதானவர் மாடிக்குத் தூக்க முடியுமா? கேன் ஓரிடத்தில் விரிசல் விட்டால் மொத்த நீரும் போயிற்று. சிறு பாட்டில் என்றால் ஒன்றைத் திறந்து குடித்து முடிக்கும்வரை மற்றவை முத்திரை வைத்ததுபோல் அப்படியே இருக்கும். நான் 2 லிட்டர் பக்கம்தான்.

இதே பாட்டில்களில் சிலவற்றை உறைபெட்டிக்கும் ஒதுக்குங்கள். நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் அளவுக்கு விரியும். எனவே பத்தில் ஒரு பங்கு காலியாக விட்டு நிரப்புங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால், நிறைந்திருக்கும் உறைபெட்டி சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான். காலி இடத்தைப் பனிக்கட்டிப் பாட்டில்கள் அடைத்துக்கொண்டால் அந்த நேரம் நீளும். உருகியபின் குடிக்கவும் ஆகும்.

சேமித்த நீர் தீர்ந்து, ப்ளீச்சும் எரிபொருளும் இல்லாத நிலை வந்தால், நிறமற்ற 2 லிட்டர் பாட்டிலே சுத்திகரிக்கும் கருவியாகும். சுற்றியிருக்கும் தாளை உரித்து, தெளிந்த நீர் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவையுங்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமிகளைச் செயலிழக்கச் செய்கிறது. நீர் கலங்கியிருந்தால் துணியில் வடிகட்டித் தெளியவையுங்கள். செய்தித்தாளின் பெரிய தலைப்பெழுத்தின் மேல் பாட்டிலை நிறுத்தி, மேலிருந்து பார்த்தால் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இந்த முறை பலிக்காது. கீறல் விழுந்து மங்கிய பாட்டிலும் உதவாது. நீரில் கலந்த இரசாயனத்தை வெயில் போக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, மனத்தில் பாரமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். மண்ணெண்ணெய், டீசல், பினாயில், அமிலம், பூச்சிமருந்து எதையும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். ‘விளக்குக்குக் கொஞ்சம்’ என்று எடுத்து வைத்ததைக் குடித்துவிட்ட குழந்தைகளை வாங்கிப் படுக்கவைத்த கைகள் இவை. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலுக்குள் புகுந்து செய்யும் கேடு பெரிது. அதனால்தான் அப்படிக் குடித்தவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், அது இருந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மின்சாரம் இல்லாத இரவில் பெரியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. தாகத்தில் கை நீட்டுபவர் பெயரைப் படிப்பதில்லை, பாட்டிலின் வடிவத்தைத்தான் தடவிப் பார்க்கிறார். இவை எல்லாம் வந்த கலனிலேயே இருக்கட்டும். ப்ளீச்சும் அப்படியே. சொட்டுவிட வசதி என்று பழைய கண் மருந்துக் குப்பியில் ப்ளீச் ஊற்றி வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம்.

இரசாயனம் இருந்த வாளிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளி, இறுக மூடும் மூடியோடு இருந்தால், அதைக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் நின்றுபோன வீட்டில் முதலில் நாறுவது கழிப்பறைதான். வயிற்றுப்போக்கு தொடங்குவதும் அங்கிருந்துதான். முடிந்தால் இரண்டு வாளி வையுங்கள், சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று. இரண்டும் கலக்காவிட்டால் நாற்றம் வெகுவாகக் குறையும். மல வாளிக்குள் தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, ஒவ்வொரு முறையும் மேலே மரத்தூள், சாம்பல் அல்லது காய்ந்த மண்ணைத் தூவி மூடுங்கள். பாதிக்கு மேல் நிறையவிடாதீர்கள். வாளியில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். பிறகு அது வேறெதற்கும் திரும்பி வரக் கூடாது.

பக்கத்திலேயே கை கழுவும் பாட்டில் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பாட்டிலின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சூடான ஊசியால் சிறு துளை போட்டு நீர் நிரப்புங்கள். மூடியை இறுக்கினால் நீர் நிற்கும், தளர்த்தினால் மெல்லியதாக ஒழுகும். ஒரு லிட்டரில் பல பேர் கை கழுவலாம்.

வயிற்றுப்போக்கு வந்தேவிட்டால் ஒரு லிட்டர் பாட்டில் மருந்துப் பாத்திரமாகும். சுத்தமான ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. இந்த அளவை இப்போதே எழுதி அந்தப் பாட்டிலில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது.

சின்னவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை டப்பாவில் தீக்குச்சிகளை, பெட்டியின் உரசும் பட்டையையும் வெட்டிப் போட்டு வைக்கலாம். பழைய மருந்துச் சீட்டை முழுக்க உரித்துவிட வேண்டும். மாத்திரைகளைச் சொந்த அட்டையிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் கலந்து போடாதீர்கள். கைவிளக்கை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் நீர் நிறைந்த பாட்டிலை நிறுத்தினால் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். மெழுகுவர்த்தியைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஏற்ற வேண்டாம்.

அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை ரப்பர் வளையம் உள்ள அகன்ற வாய் டப்பாவில் சுருட்டி வையுங்கள். அதற்கு முன் சோதியுங்கள்: உள்ளே உலர்ந்த மெல்லிய காகிதத்தைப் போட்டு மூடி, கனமான எதையாவது மேலே வைத்து வாளி நீரில் அரை மணி நேரம் அமுக்குங்கள். காகிதம் ஈரமானால் அந்த டப்பா பருப்பு போடத்தான் ஆகும். தகரப் பெட்டி எலியிடமிருந்து காக்கும், வெள்ளத்திடமிருந்து காக்காது.

எல்லாம் முடிந்ததும் ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் குடிநீர் பாட்டிலையும் தீக்குச்சி டப்பாவையும் தேடி எடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் தீக்குச்சி டப்பாவைத் திறந்துவிட்டால் அதை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். மூட்டுவலி உள்ள பாட்டியால் குடிநீர் மூடியைத் திருக முடியவில்லை என்றால், அவர் கட்டிலருகே அகன்ற மூடியுள்ள பாட்டிலாக மாற்றி வையுங்கள்.