அட்ரீனல் ஆபரேஷனுக்குப் பின் பிரஷர் மாத்திரை நிற்குமா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகையாகச் சுரப்பதால் பிரஷர் ஏறியவருக்கு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியை ஒரு பக்கம் எடுக்க முடிவானதும், வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "இனி மாத்திரையே வேண்டாம்லா?" ஹார்மோன் சரியாவது வேறு, பிரஷர் சரியாவது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவதே முதல் தவறு. 2017இல் வெளியான பாசோ என்னும் பன்னாட்டு ஆய்வில் ஹார்மோனும் பொட்டாசியமும் முழுதாகச் சீரானவர்கள் 94 சதவீதம். மாத்திரை இல்லாமலே பிரஷர் சரியானவர்கள் 37 சதவீதம். மேலும் 47 சதவீதத்தினருக்குப் பிரஷரோ மாத்திரையோ குறைந்தது. அதைத் தோல்வி என்று நினைக்கக் கூடாது.

கணிப்புக்கு 2008இல் வந்த எளிய மதிப்பெண் முறை ஒன்று உண்டு. பிரஷர் மருந்து இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் 2. உடல் நிறை குறியீட்டெண் 25 அல்லது கீழே என்றால் 1. பிரஷர் வந்து 6 ஆண்டுக்குள் என்றால் 1. பெண் என்றால் 1. மொத்தம் 4, 5 வந்தால் நான்கில் மூன்று பேருக்கு மாத்திரை நிற்கலாம். 0, 1 என்றால் நால்வரில் ஒருவருக்குச் சற்றே அதிகம்.

கூட்டல் எளிது, எண்ணுவதில்தான் பிழை வரும். அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருவர், உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ, பிரஷர் தெரிந்து நான்கு ஆண்டு, தினம் ஒரே மாத்திரை என்று வையுங்கள். 5 மதிப்பெண் போலத் தோன்றும். அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து கலந்திருந்தால் 3தான். அட்டையின் பின்புறம் படித்து மருந்துகளை எண்ணுங்கள். ஆண்டுக் கணக்கும் அப்படியே: முகாமில் சொன்ன நாளிலிருந்து எண்ணாமல், பழைய சீட்டுகளில் பிரஷர் முதலில் கூடிய நாளைத் தேடுங்கள்.

ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பதால் மட்டும் இந்த மதிப்பெண்ணைப் போடுவது பெரிய தவறு. ஹார்மோனே சுரக்காத கட்டிகளும் உண்டு. இரு பக்கமும் சுரந்து, ஒரு பக்கம் மட்டும் கட்டி தெரிவதும் உண்டு. அட்ரீனல் சிரை ரத்தம் எடுத்துப் பார்த்து ஒரு பக்கம்தான் என்று உறுதி செய்த பிறகே கணிப்புக்குப் பொருள் வரும். வயது 35க்குள், பொட்டாசியம் மிகக் குறைவு, ஒரு பக்கம் தெளிவான கட்டி, மறுபக்கம் இயல்பு என்றிருப்பவர்களுக்கு மட்டும் சில வேளை விலக்கு தருவார்கள். வலப்பக்கச் சிரை குட்டையானது, நேரே பெருஞ்சிரையில் சேர்வது. மாதிரி தவறுவது பெரும்பாலும் அங்கேதான். இதில் பழகிய கை வேண்டும். பாளையங்கோட்டையில் பார்த்தாலும் மதுரைக்குப் போனாலும் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரு மாதத்தில் முடிவு சொல்லிவிடாதீர்கள். பிரஷர் இறங்க மாதக்கணக்காகும். 6 முதல் 12 மாதத்தில்தான் மதிப்பிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

பொட்டாசியம் சிரப்பும், அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் ஆபரேஷனோடு நிறுத்தப்படும். பழக்கத்தில் தொடர்ந்தால் ஆபத்து. மீதமிருக்கும் சுரப்பி விழிக்க நாளாகும், அதற்குள் பொட்டாசியம் ஏறிவிடும். மறைந்திருந்த சிறுநீரகக் குறையும் இப்போது கிரியேட்டினின் என்னும் ரத்தப் பரிசோதனையில் தெரியலாம். உடம்புக்கு நல்லது என்று தினமும் இளநீர் கொடுப்பதையும், பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பையும் முதல் சில வாரம் தவிர்க்கவும். நான்கு வாரம், வாரம் ஒரு முறை உள்ளூர் ஆய்வகத்தில் பொட்டாசியம் பாருங்கள், 5.5ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.