திருகோணமலையில் கோள் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி ஓய்ந்து வானம் வெளித்ததும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் தொலைகாட்டிகளைக் காணலாம். பாடசாலைப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய பெட்டியை அன்றுதான் பிரித்தவர்கள், பைனாகுலரோடு வரும் தம்பிமார் என்று ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார்கள். தவறுகள் அப்படியே இருக்கின்றன. வில்லை மூடியைக் கழற்ற மறப்பது, முக்காலிக் கால் மணலில் புதைவது போன்றவை ஓரிரவில் தாமாகவே திருந்தும். அவற்றை இங்கே தொடவில்லை. வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பவற்றைச் சொல்கிறோம். அவற்றில் ஒன்று வெள்ளியைப் பற்றியது. அதை நீட்டிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மாலை வெள்ளியைக் கடற்கரையில் தேடுவது

எமது கரை கிழக்குப் பார்த்தது. மாலையில் தெரியும் வெள்ளி மேற்கே, தென்னைகளுக்கும் ஹோட்டல் விளக்குகளுக்கும் பின்னால் இறங்கும். அதற்கு மேற்குப் பக்கம் தண்ணீர் இருக்கும் இடம் வேண்டும். நகரில் உட்துறைமுக வீதிக் கரை அதற்குத் தோதானது. உப்புவெளியையும் நிலாவெளியையும் விடிவெள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்துறைமுகத்தை ஒட்டிக் கடற்படைத் தளம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியும் கோட்டைக்குள்ளால்தான். இருட்டில் நீளக் குழாயொன்றை முக்காலியில் நிறுத்துமுன் பொலிஸுக்கும் பக்கத்துக் காவலரணுக்கும் சொல்லிவிடுவது நல்லது.

நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பதும் தவறு. கறுத்த வானத்தில் வெள்ளி கண்ணைக் கூசவைக்கும். அதன் பிறை வடிவம் ஒளிக்குள் கரைந்துவிடும். சூரியன் மறைந்து 15 நிமிடத்திலேயே தொடங்குங்கள். நாம் வட அகலக்கோடு 8½ பாகையில் இருப்பதால் சூரியனும் கோள்களும் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகின்றன. அந்தி வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். இதில் ஒரு இலாபமும் உண்டு. வட ஐரோப்பாவில் அடிவான வெளிச்சத்துக்குள் அமிழ்ந்து கிடக்கும் புதன், இங்கே நிமிர்ந்து நிற்கும்.

60 அல்லது 70 மில்லிமீற்றர் வில்லையும் 50 மடங்குப் பெருக்கமும் வெள்ளிக்குப் போதும். பிறையாக இருக்கும்போது அதன் விட்டம் 40 விகலையைத் (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) தாண்டும். 50 மடங்கில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அளவுக்கு வரும்.

சூரியன் முழுதாக மறையுமுன் குழாயை மேற்கே திருப்புவது

கண் போய்விடும்.

"சூரியனுக்குக் கிட்ட இருக்கிறது, அதனால் சூடு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவது

ஒவ்வொரு வானியல் இரவிலும் இது நடக்கிறது. வரிசையில் நிற்கும் பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "சேர், வெள்ளி ஏன் அவ்வளவு சூடு?" என்று கேட்கும். பதில் ஒரு வரியில் வரும்: சூரியனுக்குக் கிட்ட. பிள்ளை தலையாட்டிவிட்டு நகரும். வெள்ளியிடமிருந்து பூமியைப் பற்றிப் படிக்கக்கூடிய மிகப் பெரிய பாடம் அந்த இடத்திலேயே போய்விடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதற்குக் காரணம், பதிலைத் தவறென்று காட்டப் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும் என்பதுதான்.

முதலில் புதனைப் பாருங்கள். அது சூரியனிலிருந்து சராசரி 5.8 கோடி கிலோமீற்றர், வெள்ளி 10.8 கோடி. புதனின் பகல் ஏறத்தாழ 430 பாகை செல்சியஸ் வரை ஏறி, இரவில் -180 வரை விழுகிறது. வெள்ளியோ இரவு பகல் என்றில்லாமல் ஏறத்தாழ 465 பாகையில் நிற்கிறது. தூரம்தான் காரணம் என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. பூமியின் தூரத்தில் சூரியவெளிச்சத்தை நேரே பார்த்து நிற்கும் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1360 வாட் வருகிறது. வெள்ளியின் தூரத்தில் 2600. கோள் உருண்டை, அதில் பாதி இரவு என்பதால் முழு மேற்பரப்புக்கும் சராசரி எடுக்க நாலால் வகுக்க வேண்டும்: பூமிக்கு 340, வெள்ளிக்கு 650. இப்போது மேகங்களைக் கணக்கில் எடுங்கள். பூமி வந்த ஒளியில் 30 வீதத்தைத் திருப்பியனுப்புகிறது. மிச்சம் ஏறத்தாழ 240 வாட். வெள்ளியின் சல்பூரிக் அமில மேகங்கள் 75 வீதத்துக்கு மேல் திருப்பியனுப்புகின்றன. மிச்சம் 160 வாட்டுக்கும் குறைவு. நீங்கள் தொலைகாட்டியில் கண்ட அந்தக் கூசும் வெண்மை, வெள்ளி ஏற்க மறுத்த வெயில். சூரியனிடமிருந்து வெள்ளி உள்வாங்கும் வெப்பம் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வெள்ளி -40 பாகைக்குக் கிட்ட இருக்க வேண்டும், பூமி -18இல்.

-40இலிருந்து 465க்கு ஏற்றி வைப்பது வளிமண்டலம். அதில் 96.5 வீதம் காபனீரொட்சைட்டு. தரையில் அழுத்தம் எமது கடல்மட்ட அழுத்தத்தைப் போல 90 மடங்குக்கு மேல். திருகோணமலைக்கு வெளியே கடல்தரை ஆழமான பள்ளத்தாக்காக இறங்குகிறதே, அங்கே 900 மீற்றருக்கும் கீழே போனால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். வெயில் கொஞ்சமே உள்ளே வருகிறது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிர்கள் இந்தத் தடித்த வாயுவைத் தாண்டி வெளியேற வழியில்லை. பூமியின் பச்சைவீட்டு விளைவு எம்மை -18இலிருந்து 15 பாகை வரை உயர்த்திச் சுகமாக வைத்திருக்கிறது. அதே பௌதிகம் வெள்ளியில் ஈயத்தை உருக்குகிறது.

பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். காபனீரொட்சைட்டு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் கணக்கிட்ட சுவீடன் விஞ்ஞானி சுவாந்தே அரேனியஸ், வெள்ளியின் மேகங்களை நீர்மேகம் என்று எடுத்துக்கொண்டு, அங்கே சராசரி 47 பாகை, எங்கும் சதுப்பும் தாவரமும் என்று ஒரு நூலில் எழுதினார். அந்த நூலின் ஆங்கிலப் பதிப்பு 1918இல் வந்தது. 1950களில் வானொலித் தொலைகாட்டிகள் வெள்ளியிலிருந்து எதிர்பாராத வெப்பத்தைப் பிடித்தன. 1960இல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் அதற்குப் பச்சைவீட்டு விளைவே காரணம் என்று வாதிட்டார். 1962 டிசெம்பரில் அமெரிக்க விண்கலம் மரினர் 2 பக்கத்தில் பறந்து அளந்து, சூடு தரைப்பகுதியிலிருந்துதான் வருகிறது என்று காட்டியது. 1970இல் சோவியத் விண்கலம் வெனேரா 7 இறங்கி அங்கிருந்தே தரவு அனுப்பியது. வெள்ளியின் மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஹான்சன் பிறகு பூமியின் காலநிலைக்குத் திரும்பி, 1988இல் அமெரிக்க செனற் குழுவின் முன் புவி சூடாவதைப் பற்றிச் சாட்சியம் சொன்னார்.

பூமியின் காபன் எங்கே போனது என்ற கேள்வியையும் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஏனென்றால் விடை எமது மாவட்டத்துக்குள் இருக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கிறது. மகாவலி அந்தக் கரைசலைக் கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. கடலில் அது கல்சியம் காபனேற்றாகச் சிப்பியிலும் சங்கிலும் புறாத்தீவின் முருகைக்கல்லிலும் படிகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் முழுவதும் இப்படிப் பூட்டிவைத்த காபன்தான். உலகெங்கும் பாறையில் பூட்டியிருப்பதை எல்லாம் காற்றில் விட்டால், வெள்ளியின் வளிமண்டலத்தில் இருப்பதோடு ஒப்பிடக்கூடிய அளவு வரும். வெள்ளியில் கடல் இல்லை, பூட்டுவதற்கு ஆளில்லை.

மறுபக்கம் சாய்ந்தும் பிழை விடக்கூடாது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் பூமி நாளைக்கே வெள்ளியாகிவிடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவது சரியல்ல. அந்த நிலைக்குப் போக, சூரியன் மெல்லப் பிரகாசமாகும் நூறு கோடி ஆண்டுக் கணக்கு வேண்டும். எமது பிரச்சினை அதைவிடச் சின்னது, ஆனால் கிட்டத்தில் இருப்பது: தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 33 பாகைச் சுகத்தில் ஒன்றிரண்டு பாகை கூடினாலே முருகைக்கல் வெளிறும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொலைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு மட்டையில் 340, 650, 240, 160 என்ற நாலு எண்களை எழுதித் தொங்கவிடுங்கள். பார்த்துவிட்டு வரும் ஒவ்வொருவரையும் அதன்முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வரிசை நீளும். நீளட்டும்.

பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவது

பெட்டியில் 500 மடங்கு என்று போட்டிருக்கும். வில்லையின் மில்லிமீற்றரை இரண்டால் பெருக்குங்கள். அதுதான் நல்ல இரவில் எல்லை. 70 மில்லிமீற்றருக்கு 140. அதற்கு மேல் போனால் பார்வைத்துண்டிலிருந்து வரும் ஒளிக்கற்றை அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக ஒடுங்கி, உங்கள் கண்ணுக்குள் இருக்கும் தூசும் நரம்பும் படத்தில் விழும். 1896இல் அமெரிக்க வானியலாளர் பேர்சிவல் லோவல் தன் பெரிய தொலைகாட்டியின் வாயை வெகுவாகச் சுருக்கிக்கொண்டு வெள்ளியைப் பார்த்தார். மையத்திலிருந்து விரியும் கோடுகளைக் கண்டு வரைந்தார். அவர் வரைந்தது தன் விழித்திரையின் இரத்தக்குழாய்களின் நிழலாகவே இருக்கவேண்டும் என்பது பின்னால் வந்த விளக்கம்.

கொங்கிறீற்றுத் தட்டில் நின்று பார்ப்பது

பகல் முழுவதும் குடித்த வெயிலைத் தட்டு நள்ளிரவுவரை கக்கும். படம் கொதிக்கும், பழி தொலைகாட்டிக்கு விழும். புல்லிலோ மணலிலோ வையுங்கள். கோள் 30 பாகைக்கு மேல் ஏறட்டும். கச்சான் காற்று பலமாக வீசும் மாலைகளில் வியாழனின் பட்டைகளைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், காற்று அடங்கும் பின்னிரவுக்கு எழும்புங்கள்.

குளிரூட்டிய அறையில் வைப்பது

வெளியே எடுத்த உடனே கண்ணாடியில் நீர் படியும், சில மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். குளிரூட்டி இல்லாத அறையில், இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். பொதி ஈரத்தை ஏற்றுக்கொண்டதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம்.

உப்புப் படிந்த கண்ணாடியைச் சாரத்தால் துடைப்பது

உப்புப் படிகம் அலுமினியப் பூச்சைக் கீறும். விழுந்த கீறல் பிறகு போகாது. முதலில் ஊதும் பந்தால் தூசை நீக்குங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரை மேலே ஓடவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரில் நனைத்த பஞ்சைத் தன் பாரத்தில் மட்டும் இழுங்கள். மறுபடி நீர் விட்டுச் சாய்த்து நிறுத்தி உலர விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை.

துருவ நட்சத்திரத்தை நம்பும் தாங்கியை வாங்குவது

இந்தத் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். இங்கே அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 8½ பாகையில்தான் நிற்கும்; கடல்மேல் புகாரில் பெரும்பாலும் தெரியாது. மலிவான தாங்கிகள் பலவற்றை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்ப்பாரம் முக்காலிக் காலில் இடிக்கும். மேல்கீழ், இடம்வலம் திரும்பும் எளிய தாங்கியே எமக்குப் பொருந்தும்.

சீனக்குடாப் பக்கம் பச்சை லேசர் அடிப்பது

அங்கே விமான நிலையம் இருக்கிறது. வேண்டாம்.

செவ்வாயை நினைத்தபோது பார்க்கலாம் என்று விடுவது

26 மாதத்துக்கு ஒருமுறைதான் அது கிட்ட வரும். 2025 ஜனவரியில் வந்தபோது எமக்கு மாரி. அடுத்தது 2027 பெப்ரவரி 19ஐ ஒட்டி. அன்றிரவை மட்டும் நம்பாமல், முன்னும் பின்னும் மூன்று வாரத்தில் மேகம் விலகும் எந்த இரவையும் பிடியுங்கள். இம்முறை விட்டம் 14 விகலைக்குக் கிட்டத்தான். 150 மில்லிமீற்றர் கண்ணாடியும் 200 மடங்கும் இருந்தால் வட துருவத்தின் வெண்பொட்டும் கருமையான திட்டுகளும் தெரியும்.

1971 நவம்பரில் மரினர் 9 அங்கே போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதும் தூசியால் மூடிக்கிடந்தது. தரை குளிர்ந்து, மேலேயுள்ள காற்று சூடாகியிருந்தது. பூமியில் அணுகுண்டுத் தீயின் புகை வெயிலை மறைத்தால் என்ன ஆகும் என்று 1983இல் கணக்குப் போட்டவர்களுக்கு அந்தத் தூசி ஒரு முன்மாதிரி. செவ்வாயில் பார்த்ததை வரைந்து வையுங்கள்: 5 சென்ரிமீற்றர் வட்டம், 2B பென்சில், சிவப்புத் தாள் சுற்றிய ரோச் லைற், குறைந்தது 20 நிமிடம். மூலையில் திகதி, பெருக்கம், காற்றின் நிலை. நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். எமது மணியிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் சரி.