வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்: மேம்படுத்தும்போது எங்கே தவறுகிறோம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கட்டட வரைபட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் திங்க்பேட் பி சீரிஸ் வொர்க்ஸ்டேஷனை, அதாவது கனமான வடிவமைப்பு வேலைக்கென்றே செய்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜூரோங் வெஸ்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ராமை (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் நினைவகம்) 32 ஜிபியிலிருந்து 64 ஜிபி ஆக்கிவிட்டார். ஆனாலும் ரெவிட் என்ற வரைபட மென்பொருள் முன்பு போலவே மந்தம். கணினியில் எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரிடம் இருந்த மிகப் பெரிய ஃபைலை ஓடவிட்டோம். ராம் 22 ஜிபியைத் தாண்டவே இல்லை. ப்ராசசர் வேகம்தான் இரண்டே நிமிடத்தில் 4.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.8க்கு விழுந்தது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் அடைத்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் ஒரே பாளமாகக் கையோடு வந்தது.

சுத்தம் செய்து மூடிய பிறகு வேகம் 3.8க்குக் கீழே இறங்கவில்லை. ராமுக்குக் கொடுத்த பணம் வீண். அதுவும் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில்.

நான் பார்த்தவரை பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான். இயந்திரம் எங்கே திணறுகிறது என்று பார்க்காமலே கடைக்குப் போய்விடுகிறோம். உங்களுடைய மிகக் கனமான வேலையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் நான்கு இடங்களைக் கவனியுங்கள். ராம் 90 விழுக்காட்டைத் தொட்டு, எஸ்எஸ்டியும் (ஃபைல்கள் தங்கும் சேமிப்பகம்) ஓயாமல் ஓடினால் ராம் போதவில்லை. ராம் பாதி காலியாக இருந்து ப்ராசசருக்குள் இருக்கும் பல கோர்களில் ஒன்றே ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடினால், ராம் கூட்டிப் பயனில்லை. ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் பல வேலைகள் ஒற்றைக் கோரை நம்பித்தான் நடக்கின்றன. கிராஃபிக்ஸ் நினைவகம் நிரம்பி வழிந்தால், அதை லேப்டாப்பில் கூட்ட வழியில்லை. இன்றைய மாடல்களில் அது பெரும்பாலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. ப்ராசசர் வேகம் சரிந்துகொண்டே போனால் சூட்டையும் மின்சாரத்தையும் பாருங்கள்.

தூசி ஊதும்போது ஒரு விஷயம். விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

அடுத்தது சார்ஜர். இத்தகைய லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 170, 230 வாட் அளவில் பெரிய சார்ஜர்தான் கூடவே வரும். அது செங்கல் கனம், எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. அதனால் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்கிறோம். ஈமெயில் பார்க்க அது போதும். ரெண்டரிங் (வரைபடத்தை முழுப் படமாக்கும் வேலை) போட்டால் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிலவற்றில் சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரியும் கரையும். உடனே லேப்டாப் பழசாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். இதே கணக்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உண்டு. ஒரே ஆர்டிஎக்ஸ் பெயர் கொண்ட சிப் ஒரு மெல்லிய மாடலில் 60 வாட்டிலும், தடிமனான மாடலில் 115 வாட்டிலும் ஓடலாம். வாங்கும்போது பெயரைக் கேட்கிறோம், வாட்டைக் கேட்பதில்லை. கேளுங்கள்.

சரி, ராம் கூட்டத்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ராமும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ராம் தகட்டில் உள்ள பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். ஒரே அளவில் இரண்டாகப் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மாடலில் நான்கையும் நிரப்பினால் ராமின் வேகம் குறையலாம் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். சில மாடல்களில் இரண்டு ஸ்லாட் கீபோர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். இன்னொன்று, புது டிடிஆர்5 ராம் போட்டு முதல்முறை ஆன் செய்தால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். லேப்டாப் புது ராமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

எஸ்எஸ்டி மாற்றும்போது நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் அதில் போவது வேலை. பல புதிய விண்டோஸ் லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே எஸ்எஸ்டியில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க விடாத பிட்லாக்கர் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. பழைய எஸ்எஸ்டியை வெளியே எடுத்து வேறு கணினியில் மாட்டினாலும், மதர்போர்டு மாற்றினாலும், சில சமயம் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலும், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் அதிலுள்ள எதையும் யாராலும் மீட்க முடியாது. மூடியைத் திறக்குமுன் அந்த 48 இலக்கத்தைக் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் பயாஸில் பேட்டரியை முடக்குங்கள், அல்லது திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

இங்கே நம் சிங்கப்பூர்க் காற்றையும் சொல்லியாக வேண்டும். ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதன அறையில் நாள் முழுக்கச் சில்லென்று கிடந்த லேப்டாப்பை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் பூக்கும். மூக்குக்கண்ணாடியில் பூப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டு, சூடு சமமான பிறகு மூடியைக் கழற்றுங்கள்.

பழையது வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. சிம் லிம் சதுக்கத்திலும் இணையத்திலும் நிறுவனங்கள் கழித்துவிட்ட நல்ல வொர்க்ஸ்டேஷன்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. நானே அப்படி ஒன்றை வைத்திருக்கிறேன். ஆனால் காசு கொடுக்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபை இணைத்து, கடைசித் திரைவரை போங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக லாகின் கேட்டால், அந்த இயந்திரம் இன்னும் அவர்கள் பதிவில்தான் இருக்கிறது. அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையில் வாங்கினால், குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் துணை நிற்கும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது.

கடைசியாக, பேட்டரி. எப்போதும் சார்ஜரோடு இருக்கும் லேப்டாப்பில் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். தயாரிப்பாளரின் செயலியிலேயே அந்த வசதி பெரும்பாலும் இருக்கும். டச்பேட் அழுந்த மறுக்கிறதா, அடிமூடி மேசையில் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கலாம். அன்றைக்கே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிட்டு, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ஊசியால் குத்துவது, அழுத்தித் தட்டையாக்குவது எதுவும் வேண்டாம். கழற்றிய பேட்டரியை வீவக புளோக்கின் குப்பைக் குழாயில் போடவே கூடாது. லித்தியம் தீப்பிடித்தால் தண்ணீருக்கு எளிதில் அடங்காது. மாற்றிக் கொடுக்கும் இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.