கிழியாத பேப்பர்ல யூவி ஆஃப்செட் அடிக்கணுமா, மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி இத பாருங்க

மார்க்‌ஷீட், மெனு கார்டு, செடிக்கு கட்டுற டேக்னு இப்ப நிறைய வேலை சிந்தெடிக் பேப்பர்ல, அதாவது இந்த கிழியாத பேப்பர்ல வருது. ஆர்ட் பேப்பர் ஓட்டுன அதே செட்டிங்ல இத ஏத்துனா கண்டிப்பா மாட்டிக்குவீங்க. பேருல தான் பேப்பர், பெரும்பாலும் இது பாலிப்ரொப்பிலின் ஃபிலிம், கால்சியம் கார்பனேட் கலந்து வெள்ளையாக்கி இழுத்து செஞ்சது. இங்க்கும் உள்ள இறங்காது தண்ணியும் இறங்காது.

ஒரு தடவ சர்டிபிகேட் வேலை ஒண்ணு, மெஷின்ல இருந்து ஷீட் வெளிய வர்ற எடத்துல கை வெச்சா ஒட்டவே இல்ல, பளபளன்னு நல்லா காஞ்சிருந்துச்சு, பார்ட்டி கைக்கு போனப்புறம் நகத்தால கீறுனா தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு, மொத்தமும் திரும்ப அடிச்சு குடுத்தேன். அன்னைக்கு புரிஞ்சது தான், இங்க் காயறது வேற, பிடிக்கறது வேற. யூவி லைட் காய வைக்கும், பிடிக்க வைக்கறது பேப்பரோட மேல்பரப்பு.

அதனால முதல்ல டைன் பேனா ஒண்ணு வாங்கிருங்க, மேல்பரப்பு இங்க்க பிடிக்குமான்னு கோடு போட்டு பாக்கற பேனா அது. கரோனா ட்ரீட்மென்ட் (கரண்ட் விட்டு மேல்பரப்ப இங்க் பிடிக்கற மாதிரி ஆக்கறது) இல்லாத பாலிப்ரொப்பிலின் 30 டைன் பக்கத்துல தான் இருக்கும், அதுல எந்த இங்க்கும் நிக்காது. 38 பேனாவால ஒரு கோடு போடுங்க, ரெண்டு செகண்டுக்குள்ள கோடு முத்து முத்தா சுருங்குனா அந்த பேப்பர ஏத்தாதீங்க. 40, 42 வந்தா நிம்மதி. கரோனா ட்ரீட்மென்ட் நாளாக ஆக குறையும், அதனால கோடவுன்ல ரொம்ப நாள் கெடந்த பண்டல்னா கட்டாயம் செக் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் பண்ணுங்க, சிலதுல ஒரு பக்கம் மட்டும் தான் ட்ரீட்மென்ட் இருக்கும்.

பேப்பர ஒரு நாள் முன்னாடியே மெஷின் ரூம்ல வெச்சிருங்க. காத்துல ஈரப்பதம் 50ல இருந்து 60 சதவீதம் இருந்தா ஸ்டேடிக் குறையும், இல்லன்னா ஃபீடர்ல ரெண்டு மூணு ஷீட் ஒட்டிக்கிட்டு போகும். ஸ்டேடிக்க எடுக்கற அயனைசர் பார் இருந்தா போட்டுக்கங்க.

இங்க் வாங்கும்போது பிளாஸ்டிக்ல அடிக்கற யூவி இங்க்னு சொல்லியே கேளுங்க, போர்டுக்கு அடிக்கற யூவி இங்க் இதுல உரியும். ரோலர், பிளாங்கெட், வாஷ் மூணும் யூவிக்கு உள்ளதா இருக்கணும், சாதா ரோலர்ல ஓட்டுனா ரப்பர் ஊதிக்கும்.

நிறைய பேர் தப்பு பண்றது பிளேட்டுக்கு விடுற தண்ணில தான். உறிஞ்ச பேப்பர் இல்லாததால கூடுதல் தண்ணி முழுக்க இங்க்குக்குள்ள போய் கலந்துடும், அப்புறம் லைட்ட எவ்வளவு ஏத்துனாலும் பிடிக்காது. தண்ணிய கொறைச்சுக்கிட்டே வாங்க, பிளேட்ல வெத்து எடத்துலயும் இங்க் ஏறி டின்ட் பிடிக்க ஆரம்பிக்கும்ல, அதுக்கு ஒரு பொட்டு மேல நிறுத்திருங்க.

மெர்க்குரி லேம்ப்னா சூடு ஜாஸ்தி, ஃபிலிம் இழுபட்டு கலருக்கு கலர் பொருந்தாம ரிஜிஸ்டர் ஓடும், தேவைக்கு மேல பவர் வைக்காதீங்க. எல்இடில சூடு கம்மி, ஆனா அதுக்குன்னு வர்ற இங்க் தான் காயும். கருப்பு தான் ரொம்ப தொல்லை, லைட்ட மேலயே குடிச்சுட்டு அடில ஈரமா நிக்கும், அதனால கருப்பு சாலிடுக்கு (முழுசா கருப்பு நிரப்புன எடம்) அடியில மத்த மூணு கலரையும் குவிக்காதீங்க, ஃபைல்லயே கொறைச்சிருங்க. ரொம்ப காய வெச்சாலும் மடிக்கற எடத்துல வெடிக்கும்.

மொத்தமா ஓட்டறதுக்கு முன்னாடி பத்து ஷீட் அடிச்சு, கருப்பு சாலிட் மேல டேப்ப அழுத்தி ஒட்டி வெடுக்குனு இழுங்க. அப்பவே ஒரு தடவ, மறுநாள் ஒரு தடவ. மறுநாள் டெஸ்ட்டுக்கு டைம் இல்லன்னு பார்ட்டி அவசரப்படுத்துனா டெலிவரி தேதிய தள்ளி வாங்குங்க.

கட்டிங்குக்கு புது பிளேடு போடுங்க, ஓரத்துல சின்ன வெட்டு விழுந்தா கிழியாத பேப்பரும் அங்க இருந்து கிழியும். காயாத யூவி இங்க் தோல்ல பட்டா அலர்ஜி வரும், அது ஒரு தடவ வந்தா சும்மா விடாது, மெஷின் கழுவுற பசங்களுக்கு நைட்ரைல் கிளவுஸ் வாங்கி குடுங்க, மெர்க்குரி லேம்ப்னா ஓசோன் வெளிய போற எக்ஸாஸ்ட்டும் ஓடிட்டே இருக்கணும்.