ஓட்டும் முன் 10,000 எண்கள்

சிமுலேஷனில் ஒரு நிகழ்தகவுப் பரவலை (தற்செயல் எண்கள் எப்படி விழும் என்பதை) அமைத்ததும் மாடலை ஓட்டிவிடாமல், அதிலிருந்து 10,000 எண்களை எடுத்துச் சராசரி நீங்கள் நினைத்ததுதானா என்று பாருங்கள். ஒரே பெயருள்ள பரவலுக்கு ஒவ்வொரு மென்பொருளும் வேறு அளவுருவைக் கேட்கும்: இடைவெளி நேரங்களுக்குப் பயன்படும் எக்ஸ்பொனென்ஷியலுக்கு பைத்தானின் நம்பை (NumPy) நூலகம் சராசரியை எதிர்பார்க்கிறது, ஆர் மொழியின் rexp கட்டளை வீதத்தை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பேர் என்பதைக் கேட்கிறது, அதனால் வாடிக்கையாளர் இடைவெளி 5 நிமிடம் என்று நினைத்து 5 கொடுத்தால் ஆரில் கிடைப்பது 0.2 நிமிடம், அதாவது 12 விநாடிக்கு ஒருவர். வரிசை தெருவரை போகும், பிழைச்செய்தி மட்டும் வராது. லாக்நார்மல் என்ற பரவல் இன்னும் மோசம், அது கேட்பது மடக்கை எடுத்த மதிப்புகளின் சராசரியை.

கோஷி (Cauchy) மாதிரி சராசரியே இல்லாத பரவலுக்கு இது உதவாது, அங்கே இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். அப்புறம், உங்கள் தரவுக்கு அந்தப் பரவல் பொருந்துமா என்பதையும் இது சொல்லாது.